பானி அக்காவின் ஊர்கள்

முதல் இரண்டு நாளும் அந்தக் கிழவி எதுவும் சாப்பிடவில்லை. மகன் காரில் கொண்டுவந்து, பெட்டியை அறையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மண்டபத்தின் சன்னலோரக் கதிரையில் அவரை அமர்த்திவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் நாள் மதியமும் பீட்ரூட் சூப் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. நான் குசினியில் வேலை. பரிமாறும் சன்னலுக்குப் பின்னால் நின்றால் மண்டபம் முழுவதும் தெரியும். எங்களோடு பராமரிப்பாளராக இருந்த அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. உடம்பு எப்படி என்று கேட்கவில்லை.

"வூட்ஜ்?" என்றார்.

கிழவி நிமிர்ந்தார். போலந்தின் நடுப்பகுதியில், துணி ஆலைகளால் வளர்ந்த ஒரு நகரத்தின் பெயர் அது.

"எந்த உலிட்சா?" உலிட்சா என்றால் தெரு.

கிழவி ஒரு பெயரைச் சொன்னார். பெரிய தெருவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அக்கா கேட்டார். அந்தப் பக்கம். ஆலையடியா, தேவாலயத்தடியா? ஆலையடி. பாதி ஆங்கிலமும் பாதி உடைந்த போலிஷுமாக, மேசை விரிப்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். ஆலையின் பின்மதில், மதிலோரமாக மூன்றாவது வாசல், உள்ளே கல் பதித்த முற்றம், முற்றத்தில் ஒரு கைப்பம்பு, இருட்டான படிக்கட்டு. மூன்றாம் மாடியின் கதவை அவர்கள் எட்டியபோது சூப் கோப்பை காலியாக இருந்தது. கரண்டி எப்போது அக்காவின் கையிலிருந்து கிழவியின் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிட்னியின் மேற்கில், பரமட்டாவிலிருந்து ரயிலில் சிறிது தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லம் அது. போலந்திலிருந்து வந்தவர்களுக்காக அவர்களுடைய சமூகமே முன்பு கட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கப்பலில் வந்தவர்களும், பல வருடம் கழித்து விமானத்தில் வந்தவர்களும் அங்கே கடைசிக் காலத்தைக் கழித்தார்கள். ஞாபகம் குறையும்போது பின்னால் கற்ற மொழிதான் முதலில் போகிறது. ஆங்கிலம் போய்விட்ட அந்த முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, உணவூட்டிய நாங்கள் பிலிப்பினோக்களும் நேபாளிகளும் தமிழர்களுமாக இருந்தோம்.

தமிழ் ஊழியர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எங்களைப் பார்த்து நேபாளிகளும் அப்படியே கூப்பிட்டார்கள். போலந்து முதியவர்கள் அது அவருடைய பெயர் என்று நினைத்து, மரியாதைக்குப் பெண்களின் பெயருக்கு முன்னால் தாங்கள் சேர்க்கும் சொல்லைச் சேர்த்து, 'பானி அக்கா' என்றார்கள். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இங்கே அதற்குத் தேவை இல்லை.

புதிதாக ஒருவர் வந்தால் தாதிகள் அவருடைய கோப்பில் முதலில் பார்ப்பது நோயையும் மருந்தையும். அக்கா முதலில் பார்ப்பது பிறந்த இடத்தை. பார்த்த கையோடு, மறைந்துபோன யாரோ ஒருவர் விட்டுச்சென்ற பழைய போலந்து வரைபடத்தில் அந்த ஊரைத் தேடுவார். எந்த ஆறு, எத்தனை பாலம், ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு எந்த வழி. ஓய்வு நாளில் பரமட்டா நூலகத்துக்குப் போய் மிச்சத்தைப் பார்ப்பார். போஸ்னான் நகர மண்டபத்துக் கடிகாரத்தில் மதியம் இரண்டு தகர ஆடுகள் வெளியே வந்து முட்டிக்கொள்ளும். கிராக்கோவில் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு மணி ஊதப்படும் எக்காளம் பாதியிலேயே நின்றுவிடும். கிராக்கோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மருந்து குடிக்க மறுத்தால் அக்கா அந்த எக்காளத்தை வாயால் ஊதுவார். சரியான இடத்தில் சட்டென்று நிறுத்துவார். ஆசிரியை கைதட்டிவிட்டு வாயைத் திறப்பார்.

"பானி அக்கா, நீ போலந்துக்கு எப்போது போனாய்?" என்று பார்க்க வந்த உறவினர்கள் கேட்பதுண்டு.

"போகவில்லை. என்னுடைய விசாவில் போக முடியாது," என்பார் அக்கா.

அவர் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் சில காலம் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்தவர். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. கணவர் வன்னியில், போரின் கடைசி மாதங்களில் இறந்தார். இதற்குமேல் அக்காவைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஊர் கேட்பது அக்கா கண்டுபிடித்த வித்தை அல்ல. அது எங்களுடைய பழக்கம். யாழ்ப்பாணத்தார் இருவர் உலகத்தின் எந்த ரயில் நிலையத்தில் சந்தித்தாலும் இரண்டாவது கேள்வி 'ஊரிலை எவடம்?' என்பதாகத்தான் இருக்கும். ஊரைச் சொன்னால் சந்தியைக் கேட்பார்கள். சந்தியைச் சொன்னால் கோயிலை, கோயிலைச் சொன்னால் ஒழுங்கையை. ஒழுங்கையின் எந்த வீடு என்பதுவரை போய், உங்களுக்கும் தங்களுக்கும் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விடுவார்கள். இதில் பாசம் உண்டு. அளவுகோலும் உண்டு. ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். கேட்பவர்களுக்கும் அது தெரியும், கேட்கப்படுபவர்களுக்கும் தெரியும்.

அக்கா எல்லோரையும் கேட்டார். தன்னுடையதைச் சொல்லவில்லை.

சலவைப் பகுதியில் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அன்ரி வேலை செய்தார். அக்கா வேலைக்கு வந்த முதல் வாரத்தில், தேநீர் இடைவேளையில், என் முன்னால்தான் கேட்டார்.

"பிள்ளை ஊரிலை எவடம்?"

"வன்னி அன்ரி."

"வன்னி பெரிசல்லோ. வன்னியிலை எவடம்?"

"எல்லா இடமும்தான். ஓடிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் ஓட்டம்தான்."

"அப்ப பிறக்கேக்கையும் ஓடி ஓடியோ பிறந்தனீ?"

"ஓம் அன்ரி, நான் நல்லா ஓடுவன். அந்தப் படுக்கை விரிப்பைத் தாங்கோ, ஓடிப்போய் விரிச்சிட்டு வாறன்."

அக்கா சிரித்துக்கொண்டே போனார். அன்ரி சிரிக்கவில்லை. "ஊரைச் சொல்லாத ஆக்கள் ஏன் சொல்லுறேல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார் என்னிடம். என்ன கருதுகிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். பெரும்பாலும் உதவி ஆசிரியர் மேசை. மேசையில் இருப்பவன் கேள்வி கேட்பதில்லை. மற்றவர் கேட்டுக்கொண்டு வந்த பதில் சரியா என்று பார்ப்பவன். அந்தப் பழக்கம் எனக்குள் தங்கிவிட்டது.

சிட்னியில் எங்களவர்களுக்கு ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஒன்றியம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம். வருடத்தில் ஒரு ஞாயிறு பூங்காவில் கூடி, இறைச்சி சுட்டு, கயிறு இழுத்து, கூட்டாக நின்று படம் எடுப்பார்கள். அக்காவுக்குப் போவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. யாருடைய ஒன்றியம் கூடினாலும் அவர்களுடைய ஞாயிறு வேலையை அக்கா ஏற்றுக்கொண்டார். வேலை மாற்றித் தர ஆள் தேடுபவர்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள். அப்படிப்பட்ட ஞாயிறு மாலைகளில், வேலை முடிந்து, பேருந்துத் தரிப்பில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவர் தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசியைப் பார்க்க மாட்டார். அவருக்கு அழைப்பு வந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை.

மழை நாளொன்றில் என் காரில் கொண்டுபோய் விட்டேன். துங்காபியில் ஒரு வீட்டின் பின்புறம், கார் கொட்டகையை மாற்றிக் கட்டிய அறை. கதவைத் திறந்தபோது உள்ளே தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு கேத்தில், சுவரில் அந்தப் போலந்து வரைபடம். சாமிப் படம் இல்லை. குடும்பப் படம் இல்லை. வரைபடத்தில் பதினான்கு ஊர்களில் சிவப்புக் குண்டூசி. எண்ணியது என் பழக்கதோஷம்.

அன்று காரில் வரும்போது ஒன்று கேட்டார். "அண்ணை, வார்சாவின்ரை பழைய நகரத்தை ஜெர்மன்காரன் தரைமட்டமாக்கிப் போட்டானாம். பிறகு பழைய ஓவியங்களையும் படங்களையும் வைச்சுக்கொண்டு அப்பிடியே திரும்பக் கட்டினவையாம். அப்பிடிக் கட்டினால் அது அதே ஊரோ?"

அதில் இரண்டு கருத்து உண்டு என்றேன்.

"நான் அங்கை பிறந்த மூண்டு பேரைக் கேட்டனான். மூண்டு பேரும் ஓமெண்டினம்," என்றார். அந்த விவாதம் அவருக்கு அதோடு முடிந்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கிழவர் வந்தார். உயரமானவர், பொறியியலாளராக இருந்தவர், சவரம் செய்யாமல் மண்டபத்துக்கு வராதவர். கோப்பில் பிறந்த இடம் விரோட்ஸ்வாஃப் என்றிருந்தது. போலந்தின் தென்மேற்கில், ஓட்ரா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கும் நகரம். போருக்கு முன் அது ஜெர்மனியோடு இருந்தது.

அக்கா வழக்கம்போலத் தொடங்கினார். கிழவர் உற்சாகமாகவே பதில் சொன்னார். எந்தப் பாலத்தில் மரப் பலகை, எந்தப் பாலத்தில் காதலர்கள் சந்திப்பார்கள், எந்தத் தீவில் தேவாலயம். ஒரு வாரம் கழித்து, பாத்திரம் எடுக்க வந்த அக்கா என்னிடம் சொன்னார்:

"அவர் அங்கை பிறக்கேல்லை அண்ணை."

"எப்பிடித் தெரியும்?"

"பாலமெல்லாம் தெரியுது. ஆனா விழுந்து முழங்கால் உடைச்ச இடம் ஒண்டும் இல்லை. பத்துப் பதினொரு வயசுக்கு முதல் அந்த ஊரிலை அவருக்கு ஒரு கதையும் இல்லை."

"கேட்டனீங்களோ?"

"ஏன் கேப்பான்? சொல்லாததுக்கு அவரிட்டை ஏதும் இருக்கும்தானே."

கேட்காமலே இரண்டு மாதம் போனது. ஒரு நாள் குளியலறையில், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கிழவர் தானாகவே சொன்னாராம். எங்கள் ஊரில் ஆறு கண்ணுக்குத் தெரியாது, நகரத்துக்குக் கீழே ஓடும், இசை நாடக மாளிகைக்கு அடியில் ஓடும் என்று. அப்படி ஓர் ஆறு விரோட்ஸ்வாஃபில் இல்லை. அது லிவூஃப். போருக்கு முன் போலந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. போர் முடிந்ததும் எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. நகரம் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிட்டது. இன்று அது உக்ரைனில் லிவிவ். அங்கிருந்த போலந்துக்காரர்களைக் கட்டில், பசு, சமையல் பாத்திரத்தோடு சரக்கு ரயிலில் ஏற்றி, ஜெர்மன்காரர்களை வெளியேற்றிய விரோட்ஸ்வாஃபில் கொண்டுபோய் இறக்கினார்கள். கிழவருக்கு அப்போது பதினொரு வயது. அவர்களைத் தொடர்ந்து லிவூஃபின் சிலையொன்றுகூட வந்து சேர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாடகாசிரியரின் சிலை. விரோட்ஸ்வாஃபின் சதுக்கத்தில் அதை வைத்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் தினமும் அதற்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வாராம். ஊர்க்காரர் என்று.

புதிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவருடைய பேச்சைக் கேட்டுக் கேலி செய்தார்கள். கிழக்கிலிருந்து வந்த நாட்டுப்புறம் என்றார்கள். ஒரே குளிர்காலத்தில் பேச்சை மாற்றிக்கொண்டார். ஊரையும் மாற்றிக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் விரோட்ஸ்வாஃப் என்றார். மனைவியிடம் அப்படித்தான் சொன்னார். மகளுக்கும் அப்படித்தான். சிட்னிக்கு வந்தபிறகு அவருடைய பேச்சைக் கேலி செய்ய யாரும் இருக்கவில்லை.

"மறைச்சதுக்கான காரணம் எப்பவோ முடிஞ்சு போச்சுது," என்றார் அக்கா. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. "மறைப்பு மட்டும் முடியேல்லை."

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் தேநீர் நேரத்தில் இருவரும் லிவூஃபுக்குப் போனார்கள். நகரின் நடுவிலிருந்து கிழக்கே மேடேறும் ஒரு நீண்ட தெரு, டிராம் பாதை, படிக்கட்டு வைத்த ஒரு தேவாலயம், அதைத் தாண்டிக் கிழவரின் வீடு. குசினியில் மிஞ்சும் வாராந்த உணவுப் பட்டியல் தாள்களை அக்கா என்னிடம் வாங்கிப்போய், அவற்றின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல வரைந்தார். நாலு தாளை ஒட்டி ஒரு வரைபடம் ஆயிற்று. மகள் கண்ணில் படாதபடி உடுப்பு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் அதை ஒட்டிவைத்தார்கள்.

ஒரு நாள் கிழவருக்கு அறையில் சாப்பாடு கொடுக்கப் போனபோது அலுமாரி திறந்திருந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். டிராம் பாதைக்கு இரட்டைக் கோடு. தேவாலயத்துக்குச் சிலுவை. கிழவரின் வீட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களின் எல்லையை மட்டும் அக்கா கோடாகப் போடவில்லை. சின்னச் சின்ன வட்டங்களாக, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி, தோட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். யாழ்ப்பாணத்து ஆள் வளவு வரைந்தால் வேலியைக் கோடாகப் போட்டு நடுவில் வாசற்படலைக்கு இடம் விடுவார். வன்னியிலும் அப்படித்தான். இப்படிக் கல் கல்லாக அடுக்கி வேலி வரையும் கை ஓரிடத்தில்தான் பழகியிருக்க முடியும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவு. குடிதண்ணீர்ப் பிரச்சினை பற்றி எழுத இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். சாந்து இல்லாமல் முருகைக்கற்களை அடுக்கிய இடுப்பளவு வேலிகள் தீவு முழுவதும் போகும். அவற்றைப் படம் பிடித்து, படக்குறிப்பும் நானே எழுதினேன்.

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

கிழவர் வசந்தத்தின் தொடக்கத்தில் இறந்தார். காலை எட்டரைக்கு, அக்கா கையைப் பிடித்திருக்கும்போது. பகல் முடிவதற்குள் மகள் இறுதிச் சடங்கு அட்டையின் மாதிரியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். நல்ல பெண். வாரம் இரண்டு முறை தவறாமல் வந்தவர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அக்காவிடம் காட்டினார். பிறப்பு: விரோட்ஸ்வாஃப்.

அக்கா படித்தார். "விரோட்ஸ்வாஃப் இல்லை," என்றார் ஆங்கிலத்தில்.

"என்ன?"

"அவர் விரோட்ஸ்வாஃபில் பிறக்கவில்லை."

மகளின் முகம் மாறியது. "அவர் என் அப்பா," என்றார். குரல் உயரவில்லை. "ஐம்பத்தாறு வருடமாக என் அப்பா. எங்கே பிறந்தார் என்று எனக்குத் தெரியாதா?"

தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கத்து அறையில், ஐந்தாறு அடி தூரத்தில், அலுமாரிக் கதவின் உட்பக்கம் சாட்சி இருந்தது. திறந்து காட்டினால் போதும். அக்கா அந்தக் கதவைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"மன்னிக்க வேண்டும், மேடம். என்னுடைய பிழை," என்றார்.

கிழவரின் கோட்டை அன்ரி இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அதை அவருக்கு அணிவித்த அக்கா, வரைபடத்தை எட்டாக மடித்து உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். லிவூஃபும் நெடுந்தீவின் கல்வேலியும் சேர்ந்தே மண்ணுக்குப் போயின.

சில மாதம் கழித்து, தற்காலிக விசாக்காரர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அந்த நாட்களில் நான் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்து மண்டபம் வெறுமையான ஒரு நேரத்தில் அக்கா தன் கடதாசிகளோடு வந்தார். பெயர் எழுதினேன். பிறந்த திகதி எழுதினேன்.

"பிறந்த இடம்?"

"பழைய பேப்பரிலை என்ன இருக்கோ அதை எழுதுங்கோ."

"புதுக்குடியிருப்பு எண்டிருக்கு." அது வன்னியில் ஓர் ஊர்.

"ஓம்."

பேனையைத் தாளில் வைத்தேன். "பொறுங்கோ," என்றார். பிறகு, விரிப்பில் ஒட்டியிருந்த ரொட்டித் துகள்களை விரலால் கூட்டிக்கொண்டே சொன்னார்: "வள்ளத்திலை வரேக்கை கூட வந்த ஆக்கள் சொன்னவை, வன்னி எண்டு சொல்லு, இல்லாட்டில் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு. வன்னியிலை ஏழு வருசம் இருந்தனான். மனுசனை அங்கைதான் தாட்டது. அதொண்டும் பொய்யில்லை. பிறந்தது மட்டும் அங்கையில்லை. பிறகு எங்கடை ஆக்கள் ஆர் கேட்டாலும் பயம். ஊர்க்காரர் ஒருத்தர் கண்டால், அட, நீ இன்னாரின்ரை மகளெல்லோ எண்டு கேட்டால், அது எங்கை போய் நிக்கும் எண்டு தெரியாது. ஊராக்களைக் கண்டால் நான் ரோட்டை மாறிப் போறனான் அண்ணை."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

"இப்ப மாத்தினால்?"

"பிழையான பதிலைத் திருத்தலாம். அதுக்கு வழி இருக்கு. ஆனா திருத்தினால் முழுக் கதையையும் திருப்பிக் கிளறலாம். விசா கிடைக்காமலும் போகலாம். சட்டத்தரணியைக் கேக்காமல் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"மாத்தாட்டில்?"

"ஒண்டும் நடவாது எண்டுதான் நினைக்கிறன். புதுக்குடியிருப்பிலை பிறந்த ஆளாய் இருப்பியள்."

"செத்தாலும் அட்டையிலை அப்பிடித்தான் போடுவினம், என்ன?"

"ஓம்."

அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டார். உடனே எழும்பவில்லை. அரை நிமிடத்துக்குக் குறையாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை என்று எழுதினால் அது பிழையான செய்தி. விளங்கியது. நான் பேனையை மூடினேன்.

"சரி அண்ணை, போட்டு வாறன்," என்றார்.

அடுத்த மாதம் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கிரெய்கிபர்ன் பக்கம் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததாக அன்ரி சொன்னார். பிரியாவிடை எதுவும் நடக்கவில்லை. கிராக்கோ ஆசிரியை சில வாரம் மருந்துக்கு வாயைத் திறக்காமல் பானி அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் போனது. போன மாதம் தோருனில் பிறந்த ஒரு கிழவி புதிதாக வந்தார். அதே சன்னலோரக் கதிரை. சூப் ஆறியது. இளம் பராமரிப்பாளர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டு, குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். நான் ஏப்ரனோடு குசினியை விட்டு வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தோருன்? எந்த உலிட்சா?"

கிழவி சட்டென்று திரும்பினார். கண்கள் விரிந்தன. ஒரு தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காக என்னைப் பார்த்தார். என்னிடம் அடுத்த கேள்வி இல்லை. தோருனில் எந்தப் பக்கம் ஆறு, எந்தப் பக்கம் மதில் என்று எனக்குத் தெரியாது. கிழவி சற்று நேரம் காத்திருந்து, பிறகு மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அரை நிமிடத்தை நான் முன்பும் ஒரு முறை பார்த்திருந்தேன்.

அன்ரியிடம் தொலைபேசி எண் இருந்தது. ஞாயிறு பிற்பகல் எடுத்தேன். அக்கா வீட்டில்தான் இருந்தார். சுகம் விசாரித்தோம். மெல்பேர்ன் குளிர் பற்றிப் பேசினோம். அங்கே கிரேக்க முதியவர்கள் அதிகம், புது வரைபடம் ஒன்று வாங்க வேண்டியதாகிவிட்டது என்றார்.

"அக்கா, ஊரிலை எவடம்?" என்றேன்.

மறுமுனையில் கேத்தில் கொதித்து அடங்கும் சத்தம் கேட்டது.

"நெடுந்தீவு," என்றார்.

நான் ஆச்சரியப்படவில்லை. அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம். வரைபடத்திலை நீங்கள் போட்ட கல்லைப் பாத்தனான்."

"எப்ப?"

"அந்த மனுசன் இருக்கேக்கையே."

"தெரிஞ்சுகொண்டும் கேக்கேல்லை."

அவர் குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை.

"இஞ்சை ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சனான்," என்றார். "எல்லாத்தையும் சொல்லி, எழுதி அனுப்பியாச்சுது. பிறந்த இடம் நெடுந்தீவு. மறுமொழி இன்னும் வரேல்லை."

"பயமில்லையோ?"

"இருக்கு."

மேசையில் மின்சாரக் கட்டணப் பட்டியல் கிடந்தது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனையை எடுத்தேன்.

"நெடுந்தீவிலை எவடம்?"

"மேற்கு."

"மேற்கிலை, கோயிலடியோ, கடற்கரைப் பக்கமோ?"

அக்கா சிரித்தார். "அவ்வளவு கெதியாய் வர ஏலாது அண்ணை," என்றார். "முதல் துறையிலை வந்து இறங்குங்கோ."